ரெண்டு அடுப்பு, ஒரு கதவு, ஒரு விவாகரத்து

விவாகரத்து வக்கீல் ஆபீஸில் வேலைக்குச் சேர்கிறவருக்கு முதலில் தெரிய வேண்டியது சட்டம் இல்லை, அழுகிறவருக்கு எப்போது தண்ணீர் கொடுக்கக் கூடாது என்பது. சீக்கிரம் கொடுத்துவிட்டால் மடமடவென்று குடித்து, முகத்தைத் துடைத்து, “இல்லம்மா, நான் நல்லாத்தான் இருக்கேன்” என்று எழுந்து போய்விடுவார்கள். அடுத்த மாதம் அதே அழுகையோடு வருவார்கள். கொஞ்ச நேரம் விட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

என் பெயர் ஜெனி. பிளஸ் டூ முடித்தேன், மேலே படிக்கப் பிடிக்கவில்லை. எல்லாரும் காரணம் கேட்டார்கள். பிடிக்கவில்லை என்பது ஒரு காரணமே இல்லையாம். சரி என்று வேலைக்கு வந்துவிட்டேன். எல்லைக்கு மலையாளப் பக்கம், கம்பம்மெட்டு போகிற ரோட்டில், ஏலக்காய் வாங்குகிற கடைக்கு மேல் மாடியில் ஷைனி மேடம் ஆபீஸ். மேடம் மலையாளி, குடும்பக் கேஸ் மட்டும் எடுப்பார். வருகிறவர்களில் பாதிப் பேர் தமிழ் ஆட்கள். எல்லாருக்கும் மலையாளம் தெரியும். ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் வெளுத்துக் கட்டுவார்கள். ஆனால் புருஷனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தமிழ் மட்டும்தான் வரும். அதை மேடத்துக்குச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். எனக்கு ரெண்டு பாஷையும் தெரியும், ரெண்டிலும் கோபப்படவும் தெரியும்.

வக்கீல் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து, கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று காலை ஆட்டிக்கொண்டு இருந்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் நம்ம ஆள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தட்டாமல் வந்தவர்

மேடத்தின் அறைக் கதவில் ‘தட்டிவிட்டு வரவும்’ என்று ரெண்டு பாஷையிலும் எழுதி ஒட்டியிருக்கிறோம். எஸ்டேட் ஆட்கள் யாரும் தட்டியதில்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. லயம் என்பது வேலையாட்களுக்கு எஸ்டேட் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். பகல் முழுக்க எல்லாக் கதவும் திறந்துதான் கிடக்கும். உப்பு வேண்டுமென்றால் நேராக உள்ளே போய் எடுத்துக்கொண்டு, “எடுத்துட்டேன்” என்று கத்திவிட்டு வர வேண்டியதுதான். நானும் அப்படி ஒரு லயத்தில்தான் வளர்ந்தேன்.

பேச்சியம்மாக்காவும் ஓர் எஸ்டேட் ஆள், முதல்முறை வந்தபோது அப்படித்தான். நனைந்த குடையோடு நேராக மேடம் அறைக்குள் போய் நின்றுவிட்டார். உள்ளே வேறொரு அம்மா அழுதுகொண்டிருந்தார். மேடம் என்னைப் பார்த்த பார்வையில் எனக்குச் சம்பளமே மறந்துபோனது. கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்து, தட்டினால் உள்ளே இருப்பவர் சரி என்று சொல்ல வேண்டும், அதற்கு அப்புறம்தான் போக வேண்டும் என்று விளக்கினேன். அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவரோ அந்தக் கதவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அவுங்க சரின்னு சொல்ற வரைக்கும் நாம வெளியிலயே நிக்கணுமா? அடேயப்பா, நல்ல ஏற்பாடா இருக்கே!”

யாருக்கு வேண்டும்?

புதிதாக வருகிற யாரும் தனக்கு விவாகரத்து வேண்டும் என்று சொல்வதில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு, கூட வேலை பார்க்கிறவருக்கு, தூரத்துச் சொந்தத்துக்கு. சும்மா கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்தார்களாம். கேட்கிற கேள்வி மட்டும் ரொம்பக் கிட்டத்தில் இருக்கும். ஒருத்தர் தன் சித்தப்பா மகளுக்காக என்று சொல்லி அரைமணி நேரம் விசாரித்தார். பெயர் எழுத வேண்டும் என்று கேட்டால், “அவளுக்கும் முருகேஸ்வரின்னுதான் பேரு” என்றார். எழுதிக்கொண்டேன். எனக்கென்ன?

பேச்சியம்மாக்காவிடமும் வழக்கம்போல, “யாருக்குக்கா?” என்று கேட்டேன். அவர் குடையை மடக்கி மூலையில் வைத்துவிட்டுச் சொன்னது:

“எனக்குத்தான். எங்க வீட்டுக்காரரு கீழ டீக்கடையில இருக்காரு. அவருதான் ஜீப்புல எனக்கு முன்சீட்டு புடிச்சுக் குடுத்தாரு.”

அவர் கேட்ட ஒன்று

ஷைனி மேடம் முதல் நாளே எல்லாருக்கும் ரெண்டு வழி சொல்லிவிடுவார். ரெண்டு பேருக்கும் சம்மதமென்றால் சேர்ந்து ஒரே மனு. அதற்கு இங்கே உபயசம்மதம் என்று பெயர். ஒருத்தருக்குச் சம்மதம் இல்லையென்றால் காரணம் காட்டி, சாட்சி சொல்லி, சண்டை போட்டு வாங்க வேண்டும். அது எப்போது முடியும் என்று எந்த வக்கீலும் சொல்ல முடியாது, சொன்னால் அந்த வக்கீலிடம் போகாதீர்கள் என்பார். அப்புறம், “என்ன வேணும்?” என்று கேட்பார். ஜீவனாம்சம், நகை, பிள்ளைகள், நிலம். இந்தக் கேள்விக்கு ஆட்கள் ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வார்கள். எனக்குக் கொட்டாவி வரும்.

பேச்சியம்மாக்கா அவ்வளவு நேரம் எடுக்கவில்லை. அவரும் புருஷன் ஜெயபாண்டி அண்ணனும் ஒரே ஏலக்காய் எஸ்டேட்டில் வேலை. அவர் காய் எடுக்கிறார், அண்ணன் மருந்து அடிக்கிறார். லயத்து வீடு அண்ணன் பெயரில். அண்ணனுக்கு மலை இறங்கிக் கம்பத்துக்குப் போய்த் திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்க்க ஆசை. ஆனால் அவர் போனால் பெயர் வெட்டிவிடுவார்கள், வீடு வேறு குடும்பத்துக்குப் போய்விடும். எஸ்டேட் ஆபீஸில் கேட்டதற்கு, புருஷன் பொண்டாட்டியாக இருக்கிற வரைக்கும் வீடு ஆம்பளை பெயரில்தான், கோர்ட்டுப் பேப்பர் கொண்டு வந்தால் உன் பெயருக்கு மாற்றித் தருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். பேப்பர் வந்தால் பேச்சியம்மாக்காவின் வேலையும் மகள் கவிதாவின் பத்தாம் வகுப்பும் நிலைக்கும். வராவிட்டால் தாயும் மகளும் மூட்டை கட்டிக்கொண்டு கம்பத்தில் தம்பி வீட்டுக்குப் போய் ஓரமாக இருக்க வேண்டும்.

“எனக்குக் காசு வேணாம், நகை வேணாம் மேடம். வீட்ட மட்டும் என் பேருக்கு ஆக்கிக் குடுங்க. மத்ததெல்லாம் அவரே கொண்டு போகட்டும், அவரையும் சேத்து.”

ஊர் கூடித் தீர்த்தது

அன்றைக்கே இன்னொருத்தரும் பெஞ்சில் இருந்தார். போடிமெட்டுப் பக்கம், வயது நாற்பது இருக்கும், வெள்ளை வேட்டி. அவருக்கு விவாகரத்து ஏற்கெனவே ஆகிவிட்டதாம். ஊர் கூட்டத்தில் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, தாலியைத் திருப்பிக் கொடுத்து, பத்திரத்தில் ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுத் தீர்த்துவிட்டார்கள். அடுத்த மாதம் மறு கல்யாணம். அதற்கு முன்னால் வக்கீல் ஒரு சீல் வைத்துக் கொடுத்தால் போதும் என்று வந்திருக்கிறார்.

மேடம் சொன்னார், நான் தமிழில் சொன்னேன்: இது உங்கள் சாதியில் ரொம்பக் காலமாக இருக்கிற வழக்கம் என்று கோர்ட்டில் நிரூபித்தால்தான் செல்லும். அதுவரை மறு கல்யாணம் செய்தால் முதல் கல்யாணம் உயிரோடுதான் இருக்கும், கேஸும் வரும். அவர் முகம் சுருங்கிவிட்டது. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது, மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டாராம். பேச்சியம்மாக்கா பெஞ்சின் அந்தக் கோடியில் இருந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். வேட்டிக்காரர் எழுந்து போகும்போது வாசலில் திரும்பிக் கேட்டார்:

“கல்யாணத்த ஊர் கூட்டித்தானம்மா பண்ணுனோம். அன்னைக்குக் கோர்ட்டுக்குப் பத்திரிகையே வைக்கல. இப்ப மட்டும் அது ஏன் வந்து நிக்குது?”

ஒரு வக்கீல் போதுமா?

அடுத்த வாரம் ஜெயபாண்டி அண்ணன் மேலே வந்தார். அவர் கதவைத் தட்டினார், பேச்சியம்மாக்கா சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஒல்லியான ஆள். பேசுவதற்கு முன்னாலேயே சிரித்துவிடுவார். சேர்ந்து போடுகிற மனுவுக்கு ஒரே வக்கீல் போதும், ஆனால் வீட்டையும் பிள்ளையையும் விட்டுக் கொடுக்கிறவர் அவர் என்பதால், வேண்டுமானால் வேறு வக்கீலிடம் ஒருமுறை காட்டிவிட்டு வாருங்கள் என்று மேடம் சொன்னார். வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், எனக்கும் போடாதீர்கள் என்றார். ஃபீஸில் எதெல்லாம் அடங்கும், கோர்ட்டுக்கு நான் வருவேனா என் ஜூனியர் வருவாரா என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள் என்றார். இதையெல்லாம் மேடம் எல்லாருக்கும் சொல்வார். யாரும் கேட்க மாட்டார்கள். நீங்களாவது கேளுங்கள்.

ரெண்டு பேரின் ஆதார் கார்டையும் நகல் எடுத்தேன். அவருடையதில் கம்பம் விலாசம், பேச்சியம்மாக்காவுடையதில் எஸ்டேட் விலாசம். இந்தப் பக்கத்தில் அது சாதாரணம், எல்லைக்கு அந்தப் பக்கம் பிறந்த பாதிப் பேருக்குக் கார்டு அங்கேதான். ஒரு வருஷமாவது பிரிந்து இருந்தால்தான் இந்த மனு போட முடியும் என்று மேடம் சொன்னார். பிரிந்து ஒன்றரை வருஷம் ஆகிறது என்று ரெண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். மேடம் கார்டைப் பார்த்தார், எழுதிக்கொண்டார். அந்த இடத்தில் யாராவது ஒருத்தர் இன்னும் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அண்ணன் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்:

“எனக்கும் இவுங்களே பேசட்டும் பாப்பா. எனக்குச் சண்டை போட வராது. வந்திருந்தா நாங்க ஏன் இங்க வர்றோம்?”

ஏன்?

உபயசம்மதத்தில் காரணம் எழுத வேண்டியதில்லை. ஒத்துப்போகவில்லை என்றால் போதும். எனக்குப் போதாது. கல்யாணம் ஏன் செய்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை, அது சரி, பிரிகிறவர்களையாவது கேட்க வேண்டாமா? குடி இல்லை. அடி இல்லை. வேறு ஆள் இல்லை. முன்சீட்டுப் பிடித்துக் கொடுக்கிற புருஷன். பின்னே என்ன?

மேடத்திடம் கேட்டால், “நினக்கெந்தினா?” என்றார், உனக்கு எதற்கு என்று. பேச்சியம்மாக்காவிடம் கேட்டால், ஏலக்காய் சீசன் வரட்டும், வந்து பார் என்றார். அது ஒரு பதிலா? கடைசியில் டீக்கடையில் ஜெயபாண்டி அண்ணனைப் பிடித்து நேராகவே கேட்டேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தார்.

“அதத்தான் நானும் அவகிட்டக் கேக்கணும்னு இருக்கேன்.”

கவுன்சிலிங் பெஞ்சு

மனு போட்ட பிறகு கோர்ட்டில் கவுன்சிலரைப் பார்க்க வேண்டும். சேர்ந்து வாழ முடியுமா என்று ஒருமுறை பேசிப் பார்ப்பார்கள். சம்மத மனுவுக்கும் உண்டு. வெளியே பெஞ்சில் காத்திருக்கும் ஜோடிகளைப் பார்த்தாலே தெரியும், ஒருத்தர் இந்தக் கோடி, இன்னொருத்தர் அந்தக் கோடி, நடுவில் அம்மாக்கள். நம்ம ஆட்கள் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆளுக்கொரு தூக்குவாளியைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணனுடையது தயிர்ச்சோறு. பேச்சியம்மாக்கா அதை எட்டிப் பார்த்து, “உப்பு போட்டியளா?” என்று கேட்டார். கவுன்சிலர் அம்மா அந்த வழியாகத்தான் உள்ளே போனார்.

பேச்சியம்மாக்கா வேகமாகப் பேசினால் கவுன்சிலருக்குப் புரியவில்லை, என்னையும் உள்ளே கூப்பிட்டார். எப்படி வந்தீர்கள்? ஜீப்பில். ரெண்டு பேருமா? ஆமாம், ஒரே ஜீப். அவர் கம்பத்திலிருந்து வந்து சேர்ந்துகொண்டாரா? இல்லையே, வீட்டிலிருந்து. எந்த வீடு? எங்கள் வீடு. கவுன்சிலர் மனுவைப் புரட்டினார். கம்பம் விலாசத்தில் விரலை வைத்தார். நான் தரையைப் பார்த்தேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு பிரிந்து இருக்கிறோம் என்று எப்படி எழுதிக் கொடுத்தீர்கள் என்று கேட்டார். பேச்சியம்மாக்காவுக்கு இந்தக் கேள்வியே புரியவில்லை.

“பிரிஞ்சுதான மேடம் இருக்கோம்! அடுப்பு வேற, பானை வேற, நடுவுல சாக்கு தொங்குது. லயத்துல போயி யாரை வேணும்னாலும் கேளுங்க. இதுக்கு மேல பிரியணும்னா செவத்தத்தான் இடிக்கணும்!”

காரணம் வந்தது

லயத்து வழக்கம் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. வேறு வீடு கிடையாது, அதனால் பிரிகிறவர்கள் அடுப்பைப் பிரிப்பார்கள். ரெண்டாவது அடுப்பு வந்துவிட்டால் லயம் முழுக்க அது தெரிந்த விஷயம். ஒருத்தர் விசேஷத்துக்குக் கூப்பிட்டால் ரெண்டு பேரையும் தனித்தனியாகக் கூப்பிடுவார்கள். எனக்கும் இது தெரியும். ஆனால் ஷைனி மேடத்துக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியவில்லை.

கவுன்சிலர் நல்ல அம்மா. கத்தவில்லை. சரி, அடுப்பை ஏன் பிரித்தாய் என்று கேட்டார். அப்போதுதான் வந்தது. ஏலக்காய் சீசன் வந்தால் கம்பத்திலிருந்து அண்ணனின் தம்பிகள், மச்சான்கள், மச்சான்களின் கூட்டாளிகள் எல்லாம் மலைக்கு வேலைக்கு வருவார்கள். எல்லாரும் தங்குவது இவர்கள் வீட்டில். ஒரு ரூம். காலையில் காய் எடுக்கப் போகும் முன் அவ்வளவு பேருக்கும் சோறு, ராத்திரி திரும்பி வந்து அவ்வளவு பேருக்கும் சோறு. கவிதா படிப்பது பக்கத்து வீட்டில். யாரும் கேட்டுக்கொண்டு வருவதில்லை, திறந்த கதவு, வந்துவிடுவார்கள். ஒரு சீசன் ரெண்டு சீசன் இல்லை, கல்யாணம் ஆனதிலிருந்து. அவர்களை வர வேண்டாம் என்று ஒருமுறை சொன்னால் போதுமே, சேர்ந்தே இருக்கலாமே என்று கவுன்சிலர் அண்ணனிடம் சொன்னார். அண்ணன் நிஜமாகவே முயற்சி செய்தது முகத்தில் தெரிந்தது. வாயைத் திறந்தார், மூடினார், சிரித்தார்.

“வர்றவங்கள வராதேன்னு எப்படிங்க மேடம் சொல்றது?”

பேச்சியம்மாக்கா கையை விரித்துக் காட்டினார்.

“பாத்துக்கங்க. இதான் கேசு.”

மேடத்தின் கோபம்

வெளியே வந்து நடந்ததைச் சொன்னதும் ஷைனி மேடம் யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் மூன்று பேர் மேலும் பட்டார். ஆதாரைப் பார்த்தேன், ஆளைப் பார்க்கவில்லை என்று தன் மேலும் பட்டுக்கொண்டார். அது எனக்குப் பிடித்திருந்தது. பிறகு நிதானமாக நிலைமையைச் சொன்னார். ஒரே கூரைக்குக் கீழே இருந்தாலும் புருஷன் பொண்டாட்டியாக வாழவில்லை என்றால் அது பிரிந்து வாழ்வதுதான், சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் அதை ஜட்ஜ் நம்ப வேண்டும். விலாசத்தைத் திருத்தி, உள்ளதை உள்ளபடி எழுதிப் போடலாம். நம்பாவிட்டால் மனு தள்ளுபடி. அப்புறம் அண்ணன் நிஜமாகவே வெளியே போய் ஒரு வருஷம் இருந்துவிட்டுத்தான் திரும்பப் போட முடியும்.

அண்ணன் வெளியே போனால் பெயர் வெட்டு. பெயர் வெட்டினால் வீடு போச்சு. இதைக் கணக்குப் போட பேச்சியம்மாக்காவுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன், சீக்கிரமாகக் கொடுத்துவிட்டேன் போல. வாங்கி அண்ணனிடம் கொடுத்துவிட்டார். அண்ணன் குடிக்கவில்லை. அவர்தான் முதலில் பேசினார்.

“உள்ளதச் சொல்லிருவோம் மேடம். பொய் சொல்லி வாங்குனா அதுவும் எம் பேருல நின்னுரும்.”

ரெண்டு டீ

ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்துக்கே போனேன். மேடம் அனுப்பவில்லை, எனக்குப் பார்க்க வேண்டும் போல இருந்தது. வழக்கப்படி தட்டாமல்தான் உள்ளே போனேன். ஏலக்காய்ச் சாக்குகளைப் பிரித்து ஒன்றோடு ஒன்று தைத்து, சமையல்கட்டிலிருந்து ரூம் வரைக்கும் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார்கள். இந்தப் பக்கம் பேச்சியம்மாக்காவும் கவிதாவும், அந்தப் பக்கம் அண்ணன். பல்பு ஒன்றுதான், சாக்குக்கு நேர் மேலே, ரெண்டு பக்கமும் பாதிப் பாதி வெளிச்சம். அண்ணன் பக்கத்தில் சீசனுக்கு வந்த ரெண்டு பேர் படுத்திருந்தார்கள். அவர்களுக்குச் சோறு பொங்குவது இப்போது அண்ணன்.

பேச்சியம்மாக்கா டீ போட்டார். சாக்குக்கு அந்தப் பக்கம் அண்ணனும் பாத்திரத்தை வைக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் சாக்குக்குக் கீழே ஒரு கை, அதில் ஒரு டம்ளர். ரெண்டு டீயையும் குடித்தேன். அண்ணனுடையதில் இஞ்சி இருந்தது. நான் அதைச் சொல்ல வாய் எடுத்தபோது கவிதா என் காலை மிதித்தாள்.

“எது நல்லாருக்குன்னு மட்டும் சொல்லிராதீங்கக்கா. அதுக்கு வேற ஒரு மனு போடணும்.”

ஆறு மாசம்

முதல் மனுவுக்கும் கடைசி வாக்குமூலத்துக்கும் நடுவில் ஆறு மாசம் இருக்கிறது. மனசு மாறுகிறதா என்று பார்க்க. சில பேருக்கு அதைக் குறைத்துக் கொடுப்பார்கள், மேடம் இந்தக் கேஸில் கேட்கவில்லை. ஏற்கெனவே விலாசத்தில் மாட்டியிருக்கிறோம், அவசரப்படுவதாகவும் தெரிய வேண்டாம் என்றார். எனக்குப் பொறுமை கிடையாது. மேடத்துக்கு உண்டு, அதனால்தான் அவர் வக்கீல்.

எனக்குள் ஒரு சந்தேகமும் இருந்தது. உப்பு போட்டியளா என்று கேட்கிறவர், இஞ்சி டீ நீட்டுகிறவர், இந்த ஆறு மாசத்தில் சாக்கைக் கழற்றிவிட்டால்? அப்படி நடந்தால் நல்லதா கெட்டதா என்றும் எனக்குத் தெரியவில்லை. போனில் கேட்டே விட்டேன். பேச்சியம்மாக்கா சிரித்தார்.

“அடுப்பு வேறயானதுக்கு அப்புறந்தான் அவரு நல்ல மனுசன்னே எனக்குத் தெரியுது. அதக் கெடுத்துக்கச் சொல்றியா?”

ஜட்ஜ் கேட்டது

கடைசி நாளில் என்னையும் மேடம் கூட்டிப் போனார், தமிழுக்கு. ஜட்ஜ் மலையாளத்தில் கேட்டார், இவர்கள் தமிழில் சொன்னார்கள், ரெண்டு தரப்புக்கும் புரிந்தது. நடுவில் நான் எதற்கு நின்றேன் என்று இன்றுவரை தெரியவில்லை. திருத்திய மனுவை ஜட்ஜ் மெதுவாகப் படித்தார். யார் சமைக்கிறார்கள், தண்ணீர் யார் பிடிப்பது, துணி யார் துவைப்பது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஒரே பதில், அவரவருக்கு அவரவர். எனக்கு மூச்சு வர ஆரம்பித்தது. அப்போது உடம்புக்கு முடியாமல் போனால் யார் பார்ப்பது என்று கேட்டார். அண்ணன் அண்ணன்தானே, மறைக்கத் தெரியாது. மழையில் தனக்குக் காய்ச்சல் வந்தபோது பேச்சியம்மாதான் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள், மூன்று வேளையும் சாக்கைத் தூக்கிக் கொடுத்தாள் என்று நன்றியோடு சொல்லிவிட்டார்.

மேடம் பேனாவை மூடினார். ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு பேச்சியம்மாக்காவைப் பார்த்தார். அப்படியென்றால் பொண்டாட்டியாகத்தானே பார்த்துக்கொண்டாய் என்று கேட்டார். வீடு, வேலை, கவிதாவின் பள்ளிக்கூடம் எல்லாம் அந்தக் கஞ்சிச் சட்டியில் வந்து நின்றது. பேச்சியம்மாக்கா என்னைப் பார்க்கவில்லை, மேடத்தைப் பார்க்கவில்லை.

“எங்க லயத்துல யாருக்குக் காய்ச்சல்னாலும் கஞ்சி குடுப்பேங்கய்யா. போன மாசம் கங்காணிக்குக்கூட குடுத்தேன். அவுங்களுக்கெல்லாம் நான் பொண்டாட்டியா?”

தட்டியது

ஜட்ஜ் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்து எழுதினார், ரொம்ப நேரம் எழுதினார். அன்று சாயங்காலம் திரும்பும்போதும் ஒரே ஜீப்தான், முன்சீட்டு பேச்சியம்மாக்காவுக்குத்தான். விவாகரத்து உத்தரவின் நகல் வந்து, எஸ்டேட் ஆபீஸில் பெயர் மாறிய பிறகு அண்ணன் தன் அடுப்பைத் தூக்கிக்கொண்டு கம்பம் இறங்கினார். அங்கே அவரைச் சுற்றி எப்போதும் ஆள் கூட்டம், சந்தோஷமாக இருக்கிறாராம். மாதம் ஒருமுறை கவிதாவைப் பார்க்க மேலே வருகிறார். சீசனில் அவருடைய மச்சான் ஒருத்தர் பழைய ஞாபகத்தில் பெட்டியோடு லயத்து வீட்டு வாசலில் வந்து நின்றாராம். கதவு சாத்தியிருந்ததைப் பார்த்து, ஆள் இல்லை என்று நினைத்துப் போய்விட்டாராம். ஆள் உள்ளேதான் இருந்தார்.

மிச்சமிருந்த பேப்பர்களைக் கொடுக்க நான் போனேன். அந்த வரிசையில் எல்லாக் கதவும் திறந்து கிடந்தது, ஒன்றே ஒன்று சாத்தியிருந்தது. புதுத் தாழ்ப்பாள். எனக்கே ஒரு மாதிரி கூச்சமாக இருந்தது, லயத்தில் நின்று கதவைத் தட்டியதே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். தட்டினேன். உள்ளே டம்ளர் வைக்கிற சத்தம். யாரது என்ற குரல். ஜெனி என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. எனக்குப் பொறுமை கிடையாது என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

“நில்லு. திறக்கலாமான்னு யோசிக்கிறேன்.”

விவாகரத்து என்றால் என்ன என்று இனிமேல் யாராவது என்னிடம் கேட்டால், தட்டினாலும் உடனே திறக்காத ஒரு கதவு என்று சொல்லலாம் என்றிருக்கிறேன், மற்றபடி ஃபீஸ் எவ்வளவு என்பதை மேடத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள், தட்டிவிட்டு.